மேகம் கோலகங்சாரில், மழை எங்கள் தலையில்: வானிலைச் செயற்கைக்கோள் பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: சிப்புட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் ரப்பர் பால்மரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டுகிறோம். பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் செம்பனைக்கு மாறி ரொம்ப காலம் ஆகிவிட்டது. எங்களுக்கு மரத்தை விட மனம் வரவில்லை.

2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை. இலை உதிரும் காலம், மரமெல்லாம் மொட்டையாக நின்றது, வெட்டு கிடையாது. நான்காம் படிவம் படிக்கும் மகன் யூடியூப்பில் ஸ்ரீஹரிகோட்டா நேரலையைப் போட்டான். அங்கே மாலை 5.35, நமக்கு இரவு 8.05. ஜிஎஸ்எல்வி எஃப்14 ராக்கெட், அதன் தலையில் இன்சாட் 3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள். அவித்த கச்சானை நடுவில் வைத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். ராக்கெட் கிளம்பியபோது என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பன்னிரண்டு வயதில் உளி பிடித்தவர் அவர். வானம் கறுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை என்று வளர்ந்தவர். கும்பிட்டு முடித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “நாளைக்கு வெட்டலாமா வேணாமான்னு இது சொல்லுமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மகன் கேட்டதற்கும் தெரியவில்லை. ஏறத்தாழ 19 நிமிடத்தில் கோள் பிரிந்துவிட்டது, அங்கே எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் அது தன் இடத்துக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள் ஆகும் என்றார்கள். “பத்தொன்பது நிமிஷத்துல மேல போயிடுச்சு, மிச்ச வழிக்கு ஏம்மா நாள் கணக்கு?” என்றான். அப்புறம் இன்னொன்று: 36,000 கிலோமீட்டர் தூரத்தில் போய் ஏன் உட்கார வேண்டும்? கிட்டே இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியாதா?

இனி என் சொந்தக் கேள்வி. புது இலை வந்து மறுபடி வெட்டு ஆரம்பித்ததிலிருந்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்ததும் கைப்பேசியில் ஜப்பானின் ஹிமவாரி செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு நாள் படத்தில் மேகம் பக்கத்து ஊரான கோலகங்சார் மேல் நின்றது. சரி, நம் பக்கம் வர அரைமணி நேரமாவது ஆகும் என்று தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போனோம். நாற்பதாவது மரத்தைத் தொடவில்லை, கொட்டிவிட்டது.

வெட்டின மரத்தில் மழை விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பால் வெட்டுக்கோட்டில் நிற்காது. தண்ணீரோடு சேர்ந்து கோட்டைத் தாண்டிப் பட்டையெல்லாம் வழியும். விளக்கு வெளிச்சத்தில் மரத்தடிவரை வெள்ளை வெள்ளையாக இறங்கும். பால் பிடிக்கும் மங்கில் விழுந்த கொஞ்சமும் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. படத்தில் மேகம் கோலகங்சாரில், மழை எங்கள் தலையில். படம் தப்பா, நான் பார்க்கும் விதம் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

———

பதில்: டிஷ் அண்ணன்

தங்கச்சி, படமும் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை. நான் 22 வருடமாக வீடுகளுக்கு டிஷ் பொருத்துகிறேன். சலாக், லிந்தாங் பக்கம் ஏறாத கூரை இல்லை. வானத்தில் நிற்கும் கோளை நோக்கிச் சாய்வு பிடிப்பதுதான் என் வேலை, அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிபடும். உங்கள் மகனின் இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

உங்கள் கூரை டிஷ்ஷைப் பாருங்கள். அதற்கு டிவி படம் அனுப்பும் மீசாட் கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரியில் நிற்கின்றன. சுங்கை சிப்புட்டில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய தலைக்கு மேலே, 77 டிகிரி உயரத்தில், மேற்கே கொஞ்சம் சாய்ந்து. ஒருமுறை இறுக்கிய டிஷ்ஷை அப்புறம் யாரும் திருப்புவதில்லை. கோள் நின்ற இடத்தில் நிற்பதுபோல் தெரிவதால்தான் அது முடிகிறது. உண்மையில் அது விநாடிக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடுகிறது. பூமி ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று சுற்றுகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மட்டும்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். கீழே இறங்க இறங்க வேகம் கூடும். 800 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் நூறு நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

அப்படிக் கிட்டே சுற்றும் வானிலைக் கோள்களும் உண்டு. உலகத்தின் முதல் வானிலைக் கோளான டைரோஸ் 1 அந்த மாதிரிதான். 1960 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கா ஏவியது, 78 நாள் வேலை செய்தது. உங்கள் மகன் சொல்வது சரி, கிட்டே இருந்தால் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரே கோள் உங்கள் ஊர் மேல் ஒரு நாளைக்கு ஓரிரு முறைதான் வரும். சைக்கிளில் நிரை நிரையாகச் சுற்றும் கங்காணி உங்கள் மரத்துப் பட்டையைக் கிட்டே பார்த்துவிட்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவார். மேட்டில் நிற்கும் துரைக்குப் பட்டை தெரியாது, ஆனால் தோட்டம் முழுக்க எந்நேரமும் கண்ணில் இருக்கும். நம் ஊர் இடிமழை ஒரு மணி நேரத்தில் வளர்ந்து கொட்டி ஓய்ந்துவிடுகிறது. அதைப் பிடிக்க, கண்ணை எடுக்காமல் பார்க்கும் ஆள் வேண்டும். ஹிமவாரி 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாதி உலகத்தைப் படம் பிடிக்கிறது.

இனி 19 நிமிடக் கேள்வி. ராக்கெட் என்றால் மேலே மேலே போவது என்று நினைக்கிறோம். மேலே போவது பாதி வேலைகூட இல்லை, பக்கவாட்டில் வேகம் எடுப்பதுதான் பெரிய வேலை. அன்றைக்கு நேரலையில் கவனித்திருப்பீர்கள், கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ராக்கெட் கடல் பக்கம் கிழக்கே சாய ஆரம்பித்துவிடும். 420 டன் எடையோடு கிளம்பிய ஜிஎஸ்எல்வி, 2274 கிலோ கோளுக்கு விநாடிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கொடுத்து, பூமியில் இருந்து சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே விட்டுவிட்டது. கைதட்டல் வந்த நேரத்தில் கோள் 36,000 கிலோமீட்டரில் இல்லை, தங்கச்சி. அங்கே போகும் பாதையில் தள்ளிவிடப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பாதை வட்டம் இல்லை, நீட்டி இழுத்த முட்டை மாதிரி. ஒரு முனை பூமியை உரசுகிற மாதிரி கிட்டே, இன்னொரு முனை 36,000 கிலோமீட்டர் தாண்டி. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும்போது பறக்கும், உச்சிக்குப் போனதும் தயங்கும். கோளும் அப்படித்தான். தூர முனைக்குப் போகும்போது வேகம் விநாடிக்கு 1.6 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அங்கேயே தங்க 3.07 வேண்டும். வேகம் கொடுக்காவிட்டால் திரும்பவும் கீழே விழுந்து, பத்தரை மணி நேரத்துக்கு மேலாகும் அந்தச் சுற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த மிச்ச வேகத்தைக் கொடுப்பது கோளுக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன இயந்திரம். அதன் தள்ளுவிசை 440 நியூட்டன். நமக்குப் புரிகிற கணக்கில், 45 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் பலம். ஒரு ஆள் தோளில் ஏற்றும் சுமை! அந்தப் பலத்தால் இரண்டே கால் டன்னைத் தள்ள வேண்டும். அதுவும் ஊஞ்சல் உச்சிக்கு வரும் சமயம் பார்த்துத் தள்ள வேண்டும், வேறு இடத்தில் தள்ளினால் எரிபொருள் வீண். ஸ்ரீஹரிகோட்டா பூமத்திய ரேகைக்கு 13 டிகிரிக்கு மேல் வடக்கே இருப்பதால் பாதை சாய்ந்திருக்கும், அதையும் அங்கேதான் நிமிர்த்த வேண்டும். இன்சாட் 3டிஎஸ்ஸுக்கு நான்கு தடவை அப்படிப் பொறுமையாக எரியவிட்டார்கள். முதல் படம் பிடித்தது மார்ச் 7 அன்று. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், இந்த வகைக் கோளின் எடையில் பாதியளவு எரிபொருள்தான். இடத்துக்குப் போய்ச் சேரவே பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சத்தை வைத்துத்தான் பல வருடம் இடம் நகராமல் நிற்க வேண்டும்.

இப்போது உங்கள் கோலகங்சார் மேகம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் ஆசையாக இருந்தேன்.

ஹிமவாரி நம் தலைக்கு மேலே இல்லை. 140.7 டிகிரி கிழக்கில், நியூகினி தீவு இருக்கும் தீர்க்கரேகையில் நிற்கிறது. சிப்புட்டில் இருந்து பார்த்தால் கிழக்கு வானில் 44 டிகிரி உயரம். அதாவது அது நம்மைப் பக்கவாட்டில் இருந்து சாய்வாகப் பார்க்கிறது. கோயிலுக்குக் கிழக்கே ஒரு மேட்டில் நின்று கொடிமரத்தைக் கீழ்நோக்கிப் பாருங்கள். கொடிமரத்தின் அடி ஓரிடத்தில் இருக்கும், உச்சி அதற்கு மேற்கே உள்ள தரையை மறைத்துக்கொண்டு நிற்கும். இடிமேகத்தின் உச்சி நம் ஊரில் 15 கிலோமீட்டர் உயரம்வரை போகும். ஹிமவாரி பார்ப்பது அந்த உச்சியைத்தான், மேகத்தின் அடியை இல்லை. 44 டிகிரி சாய்வில் உச்சி எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அதே அளவு மேற்கே தள்ளித் தெரியும். 15 கிலோமீட்டர் உயர மேகம் 15 கிலோமீட்டர் மேற்கே. வரைபடத்தில் அளந்து பாருங்கள், சுங்கை சிப்புட்டில் இருந்து நேர்மேற்கே அந்தத் தூரத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று!

கோலகங்சாரில் தெரிந்த அந்த மேகம் ஏற்கெனவே உங்கள் மரத்துக்கு மேலேதான் நின்றது, தங்கச்சி.

———

பதில்: பழைய கிராணி

தம்பி அருமையாக விளக்கியிருக்கிறார். அவர் விட்ட இரண்டு விஷயங்களை நான் சேர்க்கிறேன்.

நான் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் 31 வருடம் கிராணியாக இருந்தவன். ஆபீஸ் முன்னால் புல்தரையில் மழைமானி இருந்தது. தினமும் காலையில் அதில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றி, கண்ணை நேர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, மழை ஏட்டில் எழுதுவேன். ஏடு எழுதி எழுதி எனக்குப் புரிந்தது, வெட்டுக்காரருக்குப் பகை சாயங்கால மழை இல்லை, விடியற்காலை மழைதான். சாயங்காலம் கொட்டினால் பால் ஏற்கெனவே ஸ்டோருக்கு வந்திருக்கும்.

ஏப்ரலில் இருந்து நவம்பர்வரை மேற்குக் கரையில் வரும் இந்த விடியற்காலை மழைக்கு சுமத்ராக் காற்று என்று பேர். இரவில் மலாக்கா நீரிணை மேல் மேகங்கள் வரிசை கட்டி, கிழக்கே நகர்ந்து, விடியும் முன்னே கரை ஏறும். முதலில் குளிர்ந்த காற்று ஒரு அடி அடிக்கும், பின்னாலேயே மழை. பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அந்தக் காற்று வந்தால், பேர் வாசிக்கும் முன்னரே எல்லார் முகமும் எனக்குத் தெரியும். அன்றைய கூலி போச்சு. பிள்ளைக்குப் பால்டின் வாங்கக் கடனுக்கு எழுதச் சொல்லி அன்று கடைவாசலில் யார் யார் நிற்பார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கோள்கள் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை. அன்றைக்கு இது கையில் இருந்திருந்தால் எத்தனையோ பேரை மூன்றரை மணிக்கு எழுப்பாமல் தூங்க விட்டிருக்கலாம்.

முதல் விஷயம். ஒரே ஒரு படத்தைப் பார்க்காதீர்கள், அம்மா. இரவு இரண்டு மணியில் இருந்து வந்த படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள். மேகக்கோடு நீரிணையில் இருந்து உங்களுக்கு மேற்கே உள்ள தைப்பிங் பக்கம் வருகிறதா, வழியிலேயே கரைகிறதா என்று தெரியும். நடுவில் பிந்தாங் மலைத்தொடர் இருக்கிறது, தைப்பிங்கில் கொட்டும் அளவு உங்கள் ஊருக்கு வராது. படத்தின் மூலையில் போட்டிருக்கும் நேரத்தையும் கவனியுங்கள். அது பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரம், எட்டு மணி நேரம் கூட்ட வேண்டும். 20.00 என்று இருந்தால் நமக்கு விடியற்காலை நான்கு.

இரண்டாவது, செயற்கைக்கோள் மழையைப் பார்ப்பதில்லை. இருட்டில் அது பார்ப்பது மேக உச்சியின் குளிர்ச்சியை. உச்சி எவ்வளவு குளிரோ அவ்வளவு உயரம் என்று கணக்கு. ஓய்ந்துபோன இடிமேகத்தின் மேல்பகுதி மட்டும் பரந்து மிதந்துகொண்டிருக்கும், படத்தில் பயங்கரமாகத் தெரியும், கீழே ஒரு துளி இருக்காது. தாழ்வான மேகம் படத்தில் சாதுவாகத் தெரியும், நசநசவென்று பட்டையை நனைத்துவிடும். அதனால் வானிலைத் துறையின் ரேடார் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரேடார் மேகத்துக்குள் இருக்கும் மழைத்துளியையே பார்க்கும். தூரத்தில் வருவதற்குக் கோள், வாசலுக்கு வந்ததற்கு ரேடார்.

மழை நின்றுவிட்டது என்று ரேடார் சொன்னாலும் பட்டையைத் தடவிப் பார்க்காமல் உளியை வைக்காதீர்கள். அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

———

பதில்: குலை லோரி

எனக்கு ஒரு சந்தேகம். பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருந்தால் ஏவுவது சுலபம் என்கிறார்கள். நாம் கிட்டேதானே இருக்கிறோம், ஏன் நம் நாட்டில் இருந்து ஏவவில்லை?

———

பதில்: டிஷ் அண்ணன்

நல்ல கேள்வி தம்பி. பூமத்திய ரேகையில் பூமியே விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே சுற்றுகிறது. அந்த வேகம் ராக்கெட்டுக்கு இனாம். பாதையை நிமிர்த்தும் வேலையும் குறைவு. 2013 ஜூலை 26 அன்று இதே வரிசையின் முந்தைய கோளான இன்சாட் 3டி தென் அமெரிக்காவில் உள்ள கூரு தளத்தில் இருந்து ஏரியன் 5 ராக்கெட்டில் போனது. கூருவும் சுங்கை சிப்புட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, இரண்டும் 5 டிகிரியை ஒட்டி. ஆனால் கூருவுக்குக் கிழக்கே அட்லாண்டிக் கடல் திறந்து கிடக்கிறது. கழன்று விழும் பாகங்கள் கடலில் விழும். இங்கே இருந்து கிழக்கே விட்டால் மலை, கிளந்தான், திரங்கானு, அதற்கு மேல் கடல் தாண்டி போர்னியோ, வழியெல்லாம் மக்கள். இடம் மட்டும் போதாது, ராக்கெட்டும் வேண்டும். நம் நாட்டுச் செயற்கைக்கோள் ரசாக்சாட் 2009 ஜூலையில் பசிபிக் தீவு ஒன்றில் இருந்து ஃபால்கன் 1 ராக்கெட்டில்தான் போனது.

கிராணி ஐயா சொன்னது ரொம்பச் சரி, மழைத்துளிக்கு ரேடார்தான். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன் தங்கச்சி. இன்சாட் வரிசைக்கு 82 டிகிரியில் ஓர் இடம் உண்டு. அங்கே இருந்து பார்க்கும் கோள் நமக்கு மேற்கு வானில் 67 டிகிரி உயரத்தில் இருக்கும், ஹிமவாரியைவிட நிமிர்ந்த பார்வை. அது மேற்கே இருந்து பார்ப்பதால் உச்சி கிழக்கே தள்ளித் தெரியும், ஆனால் ஆறு, ஏழு கிலோமீட்டர்தான். படம் அரைமணிக்கு ஒருமுறை, ஹிமவாரி அளவுக்கு நுணுக்கமும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான மேகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

உங்கள் அம்மா கேட்டதற்கும் பதில் இருக்கிறது. இன்சாட் கோளில் இரண்டு முக்கியக் கருவிகள். படம் பிடிக்கும் கருவி “இப்போது” என்ன என்று சொல்லும். இன்னொன்று சவுண்டர், 19 அலைவரிசைகளில் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் அடுக்கடுக்காக அளக்கும். அந்த அளவுகள் கணினிக்குப் போய்த்தான் “நாளைக்கு” என்ன என்ற கணிப்பு வருகிறது. கோள் தானாகச் சொல்லாது, சொல்பவர்களுக்குக் கண்ணாக இருக்கும்.

———

கேட்டவர்: சிப்புட்டுக்காரி

அண்ணே, ஐயா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அண்ணன் எழுதியதை மகன் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினான். 45 கிலோ மூட்டை என்ற இடத்தில் அம்மா நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னார். இரண்டு பால்வாளியைத் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கினால் கிட்டத்தட்ட அந்த எடைதானாம். “அந்தப் பலத்துல அவ்வளவு பெருசைத் தள்ளுதா?” என்று இரண்டு முறை கேட்டார்.

மகன் கொடிமரக் கணக்கைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டான். படத்தில் கோலகங்சாருக்கு மேல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் எழுந்திருக்கவே வேண்டாம், தைப்பிங் மலைக்கு மேல் தெரிந்தால் அது கோலகங்சாரில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறான்.

நேற்று 3.50 படத்தில் தைப்பிங் பக்கம் ஒரு கொத்து மேகம். நான்கைந்து படம் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தேன், சுருங்கிக்கொண்டே வந்தது. ரேடாரில் ஒன்றும் இல்லை. போனோம். ஆறரை மணிக்கு நான்கு தூறல், அவ்வளவுதான், எல்லா மரத்தையும் முடித்துவிட்டோம். இன்றைக்கு 3.40 படத்தில் கோலகங்சார் மேல் ஒரு வெள்ளை. வீட்டுக்காரரை எழுப்பவில்லை. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன். ஐயா சொன்ன அந்தக் குளிர்ந்த காற்று முதலில் வந்தது.